கல்லாவில் யார் உட்காருவது?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு சாப்பிடும்போது கிடைத்தது. செராஸில், ஜைத்தூன் அக்கா கடையில்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை வெளுத்து வாங்கிய காலையில் தின்சாவின் கண்களில் அவளுடைய ஊர் ஆறு...’

வேண்டாம். அவள் கண்ணில் ஆறும் இல்லை, குளமும் இல்லை. தூக்கம்தான் இருந்தது. மியான்மரிலிருந்து படிக்க வந்தவள். கல்லூரி விடுமுறையில் இங்கே பரிமாறுகிறாள். மாணவர் விசாக்காரர்கள் பரிமாறலாம், கல்லாவில் மட்டும் உட்காரக் கூடாது. பிடிபட்டால் படிப்பு அவ்வளவுதான். ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

(இந்தச் சட்டம் எனக்கு மனப்பாடம். ஏனென்று பிறகு சொல்கிறேன்.)

2

ஜைத்தூன் அக்காவின் மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. அக்கா அவசரமாக ஏப்ரனைக் கழற்றினாள்.

“தின்சா, கல்லாவப் பாத்துக்கடி. ஓடிப்போய் ஓடி வந்துடறேன்.”

“அக்கா... நான் அங்க உக்காரக் கூடாதுக்கா.”

“அட ஆமால்ல! பாழாப்போன சட்டம். சரி, கடையச் சாத்திடவா?”

சட்டி நிறையச் சோறு, மிளகாய்ச் சம்பல். சாத்தினால் எல்லாம் குப்பைக்குத்தான். தின்சா காய்ச்சலில் கிடந்தபோது விடுதிக்கே கஞ்சி கொண்டுவந்தவள் இந்த அக்கா.

“நீங்க கெளம்புங்கக்கா. நான் பாத்துக்கறேன்” என்று கல்லாப் பக்கம் நடந்தாள்.

(இந்த இடத்தில் அவளைச் சந்தேகித்தேன். கடைசி வருடப் படிப்பு, இப்படித் துணிவாளா? வரியை அடித்தேன். ஆனால் என் கண் முன்னால்தானே நடந்தாள். திரும்ப எழுதினேன்.)

3

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் குடிநுழைவு அதிகாரிகள் வந்து அவளை அழைத்துப்போனார்கள். எழுதிவிட்டு மனசு கேட்கவில்லை, கிழித்துப் போட்டேன்.

நடந்தது வேறு. வாடகைக் கார் ஓட்டும் ரொஸ்லி மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்.

“ஏ புள்ள, நில்லு. நான் உக்காருறேன்.”

“மாமா, உங்களுக்குக் கணக்கு வருமா?”

“கணக்கு எவனுக்கு வரும்? இந்த நாட்டு அடையாள அட்டை இருக்குல்ல, அது போதும்!”

கடையே சிரித்தது. தின்சாவும் சிரித்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பரிமாறியபடி அவள் விலை சொல்ல, மாமா வாங்கிப் போட்டார்.

4

இப்போது மாமாவுக்குச் சவாரி வந்துவிட்டது. அக்கா இன்னும் திரும்பவில்லை. கடையில் மிச்சம் இருப்பது நானும் தின்சாவும்தான். அவள் கல்லாவைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள்.

‘நான் எழுந்துபோய்...’

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியாது. நானும் மாணவர் விசாதான்.

வாசலில் நின்று படிக்கிறீர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். உங்களிடம் அந்த அட்டை இருக்கிறதா? இருந்தால் உள்ளே வாருங்கள், நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. விலை தின்சா சொல்வாள்.