அறிக்கையில் அவள் சொன்னதாக ஒரு வரி

ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஏழே முக்காலுக்குப் பேருந்து. எட்டரைக்கெல்லாம் கடலோரப் பாதுகாப்பு அலுவலகத்தில், தன் வரைபட மேஜை முன் உட்கார்ந்திருந்தான்.

மனைவியைப் புயல் கொண்டுபோய் ஆறு வாரம்.

பத்து மணிக்கு மேலதிகாரி கூப்பிட்டார். விரலில் ஒட்டிய பிஸ்கட் தூளை அறிக்கையின் மேலேயே உதறிவிட்டு அவன் பக்கம் தள்ளினார்.

"விசாரணைக் குழுவுக்குப் போகுது. வீட்டுக்காரர்ங்கற முறையில நீ ஒரு கையெழுத்து போட்டுடு தம்பி."

படித்தான். 'முன்னெச்சரிக்கை விடுத்தும், "வீட்டை விட்டு வர மாட்டேன்" என்று அன்னார் பிடிவாதமாகக் கூறிவிட்டார்.'

"அவ இப்படிச் சொல்லல சார்."

"எல்லாரும் சொல்றதுதானப்பா. பொம்பளைங்க பீரோவை விட்டுட்டு லேசுல வருவாங்களா?" சிரித்தார். "அவங்க என்ன, வந்து கோவிச்சுக்கவா போறாங்க?"



புயலன்று மாடி வீட்டில் அவளை மேலே வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போனில் வேண்டாமென்றவன் இவன்தான். புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போகச் சொன்னான். இவன் வரைந்த படத்தில் அதற்குப் பச்சைப் புள்ளி. எந்நேரமும் திறந்திருக்கும் என்று பொருள். அவள் போனாள். உள்ளே மேல்தளத்தில், மாற்றலாகி வந்த இந்த மேலதிகாரியின் சோபா, கட்டில், ஃப்ரிட்ஜ். வாடகைக்கு வீடு அமையும்வரை கிடக்கட்டும் என்று பூட்டி வைத்திருந்தார். கடல் சுவரைத் தாண்டி வந்தபோது அவள் பூட்டிய கீழ்க்கதவோரம் நின்றிருந்தாள். மேலே சாமான் ஒன்றுகூட நனையவில்லை.

போன வாரம் மையத்துக்கு வெள்ளையடித்து, கதவை அகலத் திறந்து வைத்துப் படம் எடுத்தார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அது பளபளவென்று இருந்தது.

அவர்மேல் மட்டுமா அருவருப்பு? நேரில் போய்ப் பார்க்காமல் புள்ளி வைத்த தன் விரல்களைக் கண்டாலும்தான்.

"என்ன யோசனை? படம் வரைஞ்சது நீ. கிளற ஆரம்பிச்சா முதல்ல உருள்றது உன் தலைதான்."

"தெரியும் சார்."

பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்தான். இடம் போதாமல் பக்கத்தின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு, அவள் போனில் கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதினான்:

"பூட்டியிருக்குங்க. தண்ணி முட்டிக்கு வந்துடுச்சு. சாவி யார்கிட்ட இருக்குன்னு உங்க ஆபீஸ்ல கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."