படிக்கட்டுக் காட்சியின் வலது ஓரம்

1998 கோடையில் உம்மே ஹானி தி.நகரில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் வேலை பார்த்தாள். பழைய படங்களை டேப்பிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றி வீடியோ சிடியாக மாற்றி விற்பது அங்கே தொழில்.

ஒருநாள் வந்த டேப்பைப் போட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் முருங்கைக்காய் மாதிரி ஒடுங்கி நீண்டிருந்தார்கள். முதலாளி ஸ்ரீநாத்துக்குப் போன் செய்தாள். அது சினிமாஸ்கோப் படம் என்றார் அவர். அகலமான காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கித்தான் ஃபிலிமில் பதிவுசெய்வார்கள், தியேட்டரில் ஒரு லென்ஸ் அதைத் திரும்ப விரித்துக் காட்டும், லேபில் விரிக்காமலே டேப்பில் ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது, திருப்பி அனுப்பிவிடு என்றார்.

ஹானிக்கு மனசு வரவில்லை. எவ்வளவு நெருக்கியிருக்கிறது என்று தெரிந்தால் தானே சரிசெய்துவிடலாம். படத்தில் வட்டமான பொருள் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ஒரு தபால்காரர் சைக்கிளை நிறுத்தும் இடத்தில் படத்தையும் நிறுத்தி, மானிட்டர் மேல் ஸ்கேலை வைத்து முன்சக்கரத்தை அளந்தாள். உயரம் ஏழு சென்டிமீட்டர், அகலம் நான்கு. சக்கரம் வட்டமாக வேண்டுமென்றால் படத்தின் உயரம் ஏழில் நான்கு பங்காகக் குறைய வேண்டும். மீதி, மேலும் கீழும் கருப்பாகக் கிடக்கும்.

ஒரே ஒரு காட்சியை மாற்றிப் பார்க்கலாம் என்று படிக்கட்டுக் காட்சியை எடுத்தாள். மயிலாப்பூரில் அவள் வீட்டில் அந்தப் படத்தின் கேசட் இருந்தது. மருமகள் படிக்கட்டில் உட்கார்ந்து தன் துக்கத்தையெல்லாம் சொல்லி அழுவாள். கேட்க ஆளில்லாமல் சுவரிடம் பேசுகிறாளே என்று ஹானியின் அம்மா கைசர் ஜஹான் ஒவ்வொரு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

கம்ப்யூட்டர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. படம் ஓடத் தொடங்கியதும் ஹானி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

படிக்கட்டு இடது ஓரத்தில் இருந்தது. நடுவில் வெறும் கூடம். வலது ஓரத்தில், கதவை ஒட்டி, மாமியார் முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மருமகள் பேசப் பேச அந்தக் கை மெதுவாகி, ஒரு கட்டத்தில் நின்றது. முறம் மடியிலேயே இருந்தது. அவள் தலை நிமிரவே இல்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேசட்டுக்காக டிவியின் சதுரத்தில் அடக்கியபோது யாரோ அந்த ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த நடிகை அங்கேதான் இருந்தாள். அழும் மருமகளுக்குச் சமமாக, பேசாமலேயே, முழுக் காட்சியையும் நடித்திருந்தாள். ஹானிக்குத் தெரிந்த வீட்டில் திடீரென்று இன்னோர் அறை திறந்த மாதிரி இருந்தது.

மறுநாள் அனுமதி கேட்டு அம்மாவைக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். ஸ்ரீநாத்தும் பின்னால் நின்றார். காட்சி முடிந்தபிறகு கைசர் ஜஹான் மெல்லச் சொன்னாள்: "அப்போ அவ தனியா இல்லை."

இன்னொரு தடவை போடச் சொன்னாள். இந்தத் தடவை மருமகள் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

மேலும் கீழும் கருப்பாக இருந்தால் டிவி கெட்டுவிட்டதென்று ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள் என்று காலையில்தான் ஸ்ரீநாத் சொல்லியிருந்தார். இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவளிடம் சொன்னார்: "முழுப் படத்தையும் இப்படியே பண்ணிடு, ஹானி. கேக்கறவாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

கேட்டார்கள்தான். பாதித் திரையை ஏமாற்றிவிட்டதாகச் சொல்லிப் பலர் சிடியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவரையும் ஸ்ரீநாத் ஹானியிடம் அனுப்பினார். ஹானி அவர்களை உட்காரவைத்து, படிக்கட்டுக் காட்சியைப் போட்டுவிட்டு, பேசாமல் பக்கத்தில் நின்றாள். சிலர் அப்படியும் வேறு சிடி வாங்கிக்கொண்டு போனார்கள். அடையாறிலிருந்து வந்த வங்கி அதிகாரி ஒருவர் மட்டும் சிடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, இந்தப் படத்தின் ஓரங்களில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டார்.