கல்யாணச் சிப்பி

போலீஸ்காரர்கள் மூவரும் எங்கள் பட்டறைக்குள் ஏறுவதற்கு முன் ஷூக்களைக் கழற்றி, முனை தெருவைப் பார்க்கும்படி திருப்பி வரிசையாக வைத்தார்கள். என் தங்கை தமாகியைக் கைது செய்ய வந்தவர்கள்தான். ஆனாலும் வளர்ந்த விதம் போகுமா? அம்மா தேநீர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றார்கள். வைத்துவிட்டுப் போனாள். அது அங்கேயே ஆறிக்கொண்டிருந்தது. முன்னால் வந்த குசாகாவை எங்களுக்கு நன்றாகத் தெரியும். போன வசந்தத் திருவிழாவில் எங்கள் கடையில் குச்சி மிட்டாய் வாங்கி, அதைக் கையில் பிடித்தபடி மனைவியோடு கோயில் வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டவர்.

அது என்ன மிட்டாய் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கோயிலின் சாமி ஆண்குறி. ஆளுயர மரத்தில் செதுக்கி, பல்லக்கில் ஏற்றி, வருஷத்துக்கு ஒருமுறை தெருத்தெருவாகத் தூக்கி வருவார்கள். பிள்ளைவரம், வியாபார விருத்தி, ஊரில் தீப்பிடிக்காமல் இருப்பது, எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. அதே வடிவத்தில் சர்க்கரை மிட்டாய் செய்து விற்கும் உரிமை தாத்தா காலத்திலிருந்து எங்கள் கடைக்கு. அந்த ஒரு நாள் வியாபாரத்தில்தான் மீதி வருஷம் ஓடுகிறது. போலீஸ் வந்த அன்று முதல் சுற்று மிட்டாய்கள் அலமாரி நிறைய நெட்டுக்குத்தாக நின்று காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் அவர்கள் ஆபாசப் பொருளைத் தேடினார்கள்.

குசாகாவின் கையில் ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டிய படம் இருந்தது. டோக்கியோவில் ஒரு சின்னக் கூடத்தில் தமாகி வைத்த கண்காட்சியின் படம். தன் உடம்பின் அந்த இடத்தை மெழுகில் படியெடுத்து, அதைப் பார்த்துச் செர்ரி மரத்தில் அச்சு செதுக்கி, அரிசிமாவும் சர்க்கரையும் அதில் அடித்து இனிப்பாக்கி, வந்தவர்களுக்குத் தேநீரோடு கொடுத்திருந்தாள். யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் சட்டத்துக்குப் பயந்து, படத்தில் தட்டின் மேலிருந்த இனிப்பை மட்டும் கட்டம் கட்டமாக மங்கலாக்கியிருந்தார்கள். ஆக, எதைப் பறிமுதல் செய்ய வேண்டுமோ அது மட்டும் தெரியாத படத்தை வைத்துக்கொண்டு மூன்று பேர் அச்சுகளைத் தேடினார்கள்.

ஜன்னலோரம் கழுவிய அச்சுகள் காய்ந்துகொண்டிருந்தன. செவ்வந்தி, பைன் மரம், கொக்கு, மீன், கல்யாணச் சிப்பி. கொக்குக்கும் மீனுக்கும் நடுவில் தமாகியின் அச்சு. மறைத்தெல்லாம் வைக்கவில்லை. இளம் போலீஸ்காரர் ஒருவர் கண்ணை முழுவதும் திறக்காமல் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். கல்யாணச் சிப்பிக்கு முன் வந்ததும் அவருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. லேசாக வாய் திறந்த இரண்டு ஓடுகள். ஒரு சிப்பியின் ஓடு தன் ஜோடியைத் தவிர வேறெதோடும் பொருந்தாது என்பதால் எங்கள் ஊரில் கல்யாண வீடுகளுக்கு அந்த வடிவத்தில்தான் இனிப்புப் போகும். அவர் கல்யாணத்துக்கும் எங்கள் கடையிலிருந்துதான் போயிருக்கும்.

கையுறை போட்டு அந்தச் சிப்பி அச்சை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். இனி போட்டோ. பிடிபட்டவர் பிடிபட்ட பொருளுக்குப் பக்கத்தில் நின்று அதை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். அதைப் படமெடுத்தால்தான் அவர்களுக்கு வேலை முடியும்.

"நீட்டும்மா விரலை" என்றார் குசாகா. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை நல்லா பாத்துட்டுச் சொல்லுங்க சார்" என்றாள் தமாகி.

"அதெல்லாம் பாக்க வேண்டியதில்ல. நீட்டு."

"பாக்காம எப்படி சார், ஆபாசம்னு தெரியும்?"

"வாயாடாத. கையை நீட்டுறியா இல்லியா?"

தமாகி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் வேண்டாம் என்று மிக லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, சிப்பியை நோக்கி விரலை நீட்டினாள். கேமரா மின்னியது. ஷூக்களை மாட்டிக்கொண்டு, என் தங்கையையும் கல்யாணச் சிப்பியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். தமாகியின் அச்சு ஜன்னலோரத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் திருவிழாக் கமிட்டித் தலைவர் இனுகாய் வந்தார். எழுபது தாண்டியவர், போன வருஷம்தான் மனைவியை இழந்தவர். அதிர்ந்து பேசத் தெரியாது. அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

"சுமிம்மா, நான் ஒண்ணும் நினைக்கல. ஆனா தெருவுல பேசுறாங்க. இந்த வருஷம் மிட்டாயை வேற கடைக்குக் குடுத்துடலாம்னு ரெண்டு பேரு சொல்லிட்டாங்க. சாமி கோவிச்சுக்குவாராம்" என்றார் அம்மாவிடம்.

"யாரு, நம்ம சாமியா?" என்றேன் நான்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். இனுகாய் சிரிக்கவில்லை. "ஒரு சுத்து போயிட்டு வந்துடுங்க. எல்லார் வீட்லயும் ஒரு தலை குனிஞ்சா போச்சு. கடைசியா என் வீட்டுக்கு வாங்க. நான் கமிட்டில பேசிக்கிறேன்" என்றார்.

சுற்று போவது என்றால் எங்களுக்கு விளங்கும். வீட்டில் ஒருவர் தப்புச் செய்தால் மீதிப் பேர் இனிப்புப் பெட்டியோடு தெரு முழுக்க ஏறி இறங்க வேண்டும். அந்தப் பெட்டிகளை விற்றே எங்கள் கடை ஓரளவு பிழைத்திருக்கிறது. ஊரில் யார் வீட்டுப் பையன் எப்போது காரை எங்கே மோதினான் என்று எனக்கு அத்துப்படி. இப்போது எங்கள் முறை.

அன்று மதியமே தமாகியைப் பார்க்கப் போனேன். ஓட்டை போட்ட கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தாள். பக்கத்தில் ஒரு காவலர் நாங்கள் பேசுவதைக் குறித்துக்கொண்டிருந்ததால் பாதியை முழுங்கித்தான் பேச வேண்டியிருந்தது.

"நேத்துலேருந்து அதை மேசைமேல வச்சு, இது ஆபாசம்தானேன்னு கேக்குறாங்கக்கா. ஆமான்னு ஒரு கையெழுத்துப் போட்டா, அபராதத்தைக் கட்டிட்டு வீட்டுக்குப் போலாமாம்."

"போட்டுட்டு வந்து தொலையேன்டி."

"கோர்ட்டுக்குப் போகட்டும். அங்கயாவது ஒருத்தர் கண்ணைத் திறந்து பாத்தாகணும்ல?"

இவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஆஸ்பத்திரியில். கர்ப்பப்பையில் கட்டி என்று போனாள். பெண்களைச் சோதிக்கும் நாற்காலியில் இடுப்புக்கு மேலே திரையை இழுத்துவிடுவார்கள். நமக்குக் கூச்சமாக இருக்கக்கூடாது என்று. எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்திருக்கிறது. இவள் திரையை விலக்கச் சொன்னாளாம். நர்ஸ் மாட்டேன் என்றாளாம். "திரைக்கு அந்தப்பக்கம் நாலு பேரு என்னைப் பாக்குறாங்க. இந்தப்பக்கம் நான் மட்டும் சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கேன். நாப்பது வயசுல, என்னோடதை நான் பாத்ததே இல்லன்னு அப்பதான் தெரிஞ்சுது" என்று அன்று வந்து சொன்னாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது. அம்மா எங்களைக் குளிப்பாட்டும்போது 'அங்கே' என்பாள், அவ்வளவுதான்.

எழும்பும்போது சுற்று போகப்போவதைச் சொன்னேன். தமாகியின் முகம் மாறியது.

"போங்க. கடை முக்கியம். ஆனா என் பேர்ல மன்னிப்புக் கேக்காதீங்க. அது ஒண்ணு மட்டும் வேண்டாம்க்கா. உள்ள நான் முடியாதுன்னு உக்காந்திருக்கேன், வெளிய நீங்க ஆமான்னு சொல்லிட்டு வந்தா, நான் எதுக்கு இங்க இருக்கணும்?"

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. மன்னிப்புக் கேட்காமல் மன்னிப்புச் சுற்று எப்படிப் போவது? கேட்டால் தங்கை போய்விடுவாள். கேட்காவிட்டால் கடை போய்விடும். அவளுக்கென்ன, உள்ளே சோறு போடுகிறார்கள் என்றுகூட நினைத்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே அச்சைத் தட்டும் சத்தம் கேட்டது. அம்மா பெட்டிகளுக்கான இனிப்பை அடித்துக்கொண்டிருந்தாள். அச்சிலிருந்து தட்டில் வரிசையாக விழுந்திருந்தவை இளஞ்சிவப்பில் இருந்தன. கிட்டப் போய்ப் பார்த்தேன்.

"அம்மா, இது தமாகியோட அச்சு."

"தெரியும். சிப்பியைத்தான் போலீஸ்காரன் தூக்கிட்டுப் போயிட்டானே. கொக்கு வச்சு மன்னிப்பு கேக்க முடியுமா?"

"யாராவது கண்டுபிடிச்சா? மிட்டாயும் போயி, நம்மளையும் சேத்து உள்ள வைப்பான்."

அம்மா அச்சைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். மாவுபட்ட கட்டைவிரலால் உள்ளே ஒரு மடிப்பின்மேல் மெதுவாக ஓட்டினாள்.

"ரெண்டு பெத்தேன். எனக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றாள். "இப்படித்தான் இருக்கும்போல. ஒண்ணும் அசிங்கமாத் தெரியலியே, இகுயோ."

கையைக் கழுவிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்று, பெட்டிகளில் அடுக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் கறுப்பு உடை உடுத்திக்கொண்டு கிளம்பினோம். முதல் வீட்டுக் கதவு திறந்ததும் அம்மா இடுப்பு ஒடியக் குனிந்து, இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினாள். வாயைத் திறக்கவேயில்லை. நான் பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த வீட்டம்மா அவளைவிடக் கீழே குனிந்து, "ஐயோ, பரவாயில்ல பரவாயில்ல, நீங்க எதுக்கு இதெல்லாம்" என்று ஆரம்பித்துவிட்டாள். அதோடு முடிந்தது. எங்கள் ஊரில் மன்னிப்பைக் கேட்பவர் முடிக்கும்வரை காத்திருப்பது மரியாதை இல்லை. அம்மாவுக்கு இது தெரிந்துதான் இருந்திருக்கிறது. வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டிலும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லா வீட்டிலும் மன்னித்தார்கள்.

சிலர் எங்கள் முன்னாலேயே மூடியைத் திறந்தார்கள். அரிசிக் கடைக்காரர் மனைவி "பூ ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றாள். பல் டாக்டர் அலை என்று நினைத்தார். குசாகாவின் மனைவி ஒன்றை எடுத்து அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு, "அவருக்கும் ரெண்டு வைக்கணும், உங்க கடைது அவருக்குப் பிடிக்கும்" என்றாள். நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன். அம்மாவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

கடைசியாக இனுகாய் வீடு. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். வந்த இனிப்பை முதலில் செத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் இருப்பவர்கள் தொடுவது. அவர் ஒன்றைச் சின்னத் தட்டில் வைத்து முன்னோர் மாடத்துக்கு எடுத்துப்போனார். மாடத்தில் அவர் மனைவியின் போட்டோ. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, எதையோ கவனமாகப் பார்க்கிற மாதிரி எடுத்தது.

"தோமோவுக்கு உங்க சிப்பின்னா உசிரு" என்றார். "கல்யாணத்தப்போ வந்த பெட்டி முழுசையும் அவளே தின்னா."

தட்டை வைத்தவர் கையை உடனே எடுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். முதுகு எங்கள் பக்கம் இருந்ததால் முகம் தெரியவில்லை. அவருடைய காது மடல் மெல்லச் சிவந்து வருவதுதான் தெரிந்தது. கடை போயிற்று என்று நினைத்தேன். பக்கத்தில் அம்மா, சுற்று தொடங்கியதிலிருந்து முதல்முறையாக, குனியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இனுகாய் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஊதுவத்தி ஒன்றைப் பற்றவைத்து நட்டார். பிறகு ஒரு விரலால், சத்தம் வராமல், மனைவி நேராகப் பார்க்கும்படி தட்டைத் திருப்பி வைத்தார்.