ஆரஞ்சு மாத்திரை

டாக்டர் முப்பத்திரண்டு என்று சொன்னபோது நஸீபா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதத் தாளை யாரும் கிழிக்கவில்லை. அவளுக்கு வயது இருபத்துமூன்று. பக்கத்து நாற்காலியில் இருந்த அஃப்சலுக்கும் அதே வயதுதான், அவள் பிறந்து அம்மா மூச்சு வாங்குவதற்குள் பின்னாலேயே வந்தவன். ஆனால் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் அவன் உடம்புக்கு இருபத்துமூன்றும் அவள் உடம்புக்கு முப்பத்திரண்டும் ஆகிறதாம். இது உத்தேசக் கணக்குதான், இதை வைத்து ஆயுளைச் சொல்லிவிட முடியாது என்று மதுரையிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். நஸீபாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் காலண்டர் தாளை எழுந்து போய்க் கிழித்தால் என்ன என்று மட்டும் தோன்றியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்க வருகிறவர்களில், ஹெச்.ஐ.வி.யோடு பிறந்து வளர்ந்த பிள்ளைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. அந்தக் கிருமி உடம்பை எவ்வளவு சீக்கிரம் மூப்படைய வைக்கிறது, வளர்கிற மூளையை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கிருமி இல்லாதவர்களும் வேண்டுமே. ஒரே வயிற்றில் கிடந்து ஒரே சோற்றைத் தின்று வளர்ந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு இருக்கிறது, ஒன்றுக்கு இல்லை என்றால் விடுவார்களா? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே கூடப் பிறந்த இரண்டுக்கும் ரத்தமே வேறாக இருந்தது.

ஸ்கேன் படத்தில் டாக்டரம்மா ஓர் இடத்தைப் பேனாவால் சுட்டினார். "இந்தப் பகுதி சின்ன வயசுல கொஞ்சம் மெதுவா வளர்ந்திருக்கு. கணக்கு, ஞாபகம், வேகமா யோசிக்கிறது, இதெல்லாம் கஷ்டமா இருந்திருக்கும்."

இருந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தோற்றுப்போனாள். பேண்டேஜ் கம்பெனியில் துணியை மடிக்கும்போது பாதியில் எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். கூட வேலை பார்க்கும் காளீஸ்வரி, "உன்ட்ட குடுத்தா பொழுது விடிஞ்சிரும்" என்று சிரித்துக்கொண்டே மிச்சத்தை வாங்கி மடிப்பாள். இரும்புக்கடையில் நிற்கும் அஃப்சலோ ஆணி எடையைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவான். தான் மக்கு என்பதில் நஸீபாவுக்கு இத்தனை நாளும் சந்தேகமே இருந்ததில்லை. இப்போது அதற்கு ஒரு படம் இருந்தது.

"சின்ன வயசுல மாத்திரை எப்பவாவது கொஞ்ச நாள் விட்டுப்போச்சா?"

அம்மா ஹாஜரா முந்திக்கொண்டாள். "ஒரு நாக்கூட கெடயாது டாக்டரம்மா. எங் கையாலயே குடுத்திருக்கேன். இதுக அத்தா மௌத்தான அன்னைக்குங்கூட, வீடு நெறைய ஆளு, அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயிக் குடுத்தேன்."

டாக்டரம்மா நஸீபாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

"விட்டதில்ல" என்றாள் நஸீபா. அஃப்சல் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

வழக்கமாக ஊர் திரும்பும்போது ஹாஜரா பஸ் ஸ்டாண்டில் பால்கோவா வாங்குவாள். இன்று வாங்கவில்லை. ராஜபாளையம் பஸ்ஸில் அம்மாவும் மகளும் ஒரு சீட்டில் உட்கார, அஃப்சல் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நஸீபாவின் மடியில் பையும், பைக்குள் மாத்திரை டப்பாவும் இருந்தன. டப்பா கிலுகிலுக்காமல் இருக்கக் கம்பெனிப் பஞ்சை அதற்குள் அடைத்திருந்தாள். சத்தம் கேட்டால் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் என்ன மாத்திரை என்பார்கள்.

ஹாஜரா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழி தாண்டியதும் தணிந்த குரலில் கேட்டாள். "மருந்து ஒழுங்காத்தான போச்சு. அப்ப மண்டைக்கு எப்டி ஏறுச்சு? நாங் குடுத்த பாலுதான?"

நஸீபா டப்பாவைப் பைக்குள் இன்னும் கீழே தள்ளினாள்.

"உனக்குத்தான் நெறையக் குடுத்தேன். நீ நோஞ்சானா இருந்தேனு. அவன் புட்டிப்பாலு. எனக்கு இருக்குன்னு அப்பத் தெரியாதுட்டீ." இதைச் சொன்னவள் அழவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பால் இல்லை என்று நஸீபாவுக்குத் தெரியும். நோய் எப்படி வந்ததோ அல்லாவுக்கு வெளிச்சம். ஆனால் எட்டு வயதில் அவளைப் படுக்கையில் தள்ளியது பால் இல்லை.

சிறுவயதில் மகள் மட்டும் மாத்திரை போட்டால் ஏன், எதற்கு என்று கேட்பாள் என்று ஹாஜரா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் இரண்டு பிள்ளைகளும் கையை நீட்ட வேண்டும். நஸீபா கையில் வெள்ளை மாத்திரை, அஃப்சல் கையில் ஆரஞ்சுச் சத்து மாத்திரை. வைத்துவிட்டுத் தொழுகைப் பாயில் போய் நின்றுகொள்வாள். வெள்ளை கசக்கும். ஆரஞ்சு இனிப்பும் புளிப்புமாக நாக்கில் கரையும். ஒரு நாள் நஸீபா கேட்டாள், அவன் கொடுத்தான். அதற்கப்புறம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அம்மா சஜ்தாவுக்குக் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்ததும் இரண்டு கைகளும் மாறும். ஒரு மழைக்காலம் முழுக்க அப்படித்தான் நடந்தது. அஃப்சலுக்குக் காலையில் தலை சுற்றியது. ஹாஜரா பித்தம் என்று இஞ்சிச்சாறு கொடுத்தாள். நஸீபாவுக்கு இருமல் வந்து, காய்ச்சல் வந்து, எலும்பும் தோலுமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மருந்து கேட்கவில்லை என்று வேறு மருந்து மாற்றினார்கள். அந்தக் கிடப்பில் இனிப்பைக் காட்டினாலும் தின்னத் தெம்பில்லாமல் போய், கைமாற்றம் தானாக நின்றது.

பதினைந்து வயதில் அம்மா நோயைப் பற்றிச் சொன்ன அன்றே அது என்ன மாத்திரை என்று இருவருக்கும் விளங்கிவிட்டது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஹாஜராவுக்கு நகை இல்லை, நிலம் இல்லை, புருஷன் இல்லை. ஒரு நாளும் விட்டதில்லை என்ற சொல் ஒன்றுதான் அவளிடம் இருந்தது. அதை எப்படிப் பிடுங்குவது? பிடுங்காவிட்டால் பால் பால் என்றே செத்துப்போவாள்.

வீட்டுக்கு வந்ததும் ஹாஜரா உலை வைத்தாள். அவள் அந்தப் பக்கம் போனபோது அஃப்சல் மெல்லக் கேட்டான். "ஏட்டி, நாந்தான?"

"நாந்தான்டா கேட்டேன்."

"குடுத்தது நானு."

அவ்வளவுதான் பேசினார்கள். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருக்கிறது என்று தெரிந்ததே தவிர, அது நெஞ்சுக்குள் இறங்கவில்லை. பேண்டேஜ் சுற்றிய விரலால் ஒன்றைத் தொடுவது போல இருந்தது.

பாங்கு சொன்னார்கள். ஹாஜரா முகம் கை கழுவி, மக்கனாவை எடுத்துத் தலையை மூடிப் போட்டுக்கொண்டு, தன் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு இரண்டு டப்பாக்களையும் திறந்தாள். இரண்டும் வளர்ந்து ஆளான பின்னும் அவள் இதை நிறுத்தவில்லை. அஃப்சல் கேலி செய்வான், ஆனாலும் கையை நீட்டுவான். இன்று கேலி செய்யாமல் நீட்டினான். வெள்ளை ஒரு கையில், ஆரஞ்சு ஒரு கையில். "போட்டுக்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் பாயில் போய் நின்றாள்.

நஸீபா மாத்திரையைப் போடவில்லை. அம்மா குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்தாள், பாதியில் விட்டுப்போனது, மறுபடி முதலிலிருந்து யோசித்தாள்.

ஹாஜரா தொழுகையின் கடைசி இருப்பில் உட்கார்ந்தாள்.

நஸீபா கையை நீட்டி அஃப்சலின் கையிலிருந்து ஆரஞ்சை எடுத்துக்கொண்டாள். தன் வெள்ளையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் பழைய பழக்கத்தில் விரல்களை மடக்கப் போனான்.

"மூடாதலே" என்றாள்.

மூடவில்லை. இருவரும் கைகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வியர்வையில் ஆரஞ்சு கரைந்து அவள் ரேகைகளில் இறங்கியது. ஹாஜரா தொழுகையை முடித்துச் சலாம் கொடுக்க முதலில் வலப்பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவர்கள் இருந்தது, அடுத்து அவள் திரும்பும் இடப்பக்கம்.