தவமலர் சாப்பிட்டு முடிக்கட்டும்

என் தங்கை தவமலரின் முதல் வருஷத் திதிக்கு அவள் புருஷன் வரமாட்டான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மீன் கழுவும்போதும் சொன்னேன், வாழையிலை துடைக்கும்போதும் சொன்னேன். "வாய மூடு யோகேஸ், பிள்ள காதுல விழப்போவுது" என்றார் என் வீட்டுக்காரர் மாறன். விழட்டுமே. ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்பன் லட்சணம் இப்போதே தெரிந்தால் என்ன குறைந்துவிடப்போகிறது?

பிறகு பார்த்தால், வெயில் ஏறுவதற்கு முன்னால் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் கார் வந்து நிற்கிறது. குகனேஸ்வரன் இறங்குகிறான். அன்பரசி, "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிக் காலைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சொன்ன சொல்லெல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது.

அவன் விமானம் ஓட்டுகிறவன். நேரில் "தம்பி, வாங்க, போங்க" என்றுதான் பேசுவேன். மனசுக்குள் மட்டும் அவன் இவன்தான். தோட்டத்தில் எல்லாருக்கும் அவன் 'பைலட் மாப்பிள்ளை'. கோயில் திருவிழா என்றால் முதல் நன்கொடை ரசீது அவன் பெயருக்குத்தான் கிழிப்பார்கள். பைலட் என்றால் வீட்டில் காசு கொட்டுகிறது என்று நினைப்பு. அவன் பட்ட பாடு தவமலருக்குத்தான் தெரியும்.

வேலையில் சேர்ந்து அதிக வருஷம் ஆகாதவன் என்பதால் மாசத்தில் பாதி நாள் அவனுக்கு ஸ்டாண்ட்பை. ஓட்ட வேண்டியவருக்கு உடம்பு முடியாமல் போனால் அந்த இடத்துக்குப் போக ஓர் ஆள் தயாராக இருக்க வேண்டுமாம். யூனிஃபார்மைத் தேய்த்து மாட்டிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஏர்போர்ட்டில் நிற்கிற தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் கேமரன் மலையிலிருந்து ஏர்போர்ட்டுக்கு நாலு மணி நேரம். காய்கறி லோரி முன்னால் மாட்டிக்கொண்டால் அதற்கும் மேல். தவமலர் இங்கே தமிழ்ப்பள்ளியில் டீச்சர். மாற்றல் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அதனால் அவன் கீழே வேறு சில பைலட்டுகளோடு ஒரு வாடகை அறையில் கிடந்தான். லீவு கிடைத்தால் மலையேறி வருவான்.

சம்பளமும் அப்படித்தான். பறந்த நேரத்துக்குத்தான் கையில் காசு நிற்கும். கூப்பிடாத நாளுக்கு வெறும் அடிப்படைச் சம்பளம்.

"எங்க தோட்டத்துல மழைக்கு ஒதுங்கி நின்னாக்கூட அரைப்பேர் போட்டு அரைநாள் கூலி குடுப்பாங்க. இது என்ன தம்பி பெரிய வேல?" என்று ஒரு தடவை கேட்டே விட்டேன். அவன் சிரித்தான். தவமலர்தான் என்னை முறைத்தாள்.

போன வருஷம் அவள் பள்ளியிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனோம். அவனுக்குப் போன் செய்தேன். அன்றைக்கு ஸ்டாண்ட்பை. மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறான். மாற்று ஆள் கிடைக்கும்வரை இரு என்றார்களாம். இருந்தான். பகல் முழுக்க இருந்தான். அவனை யாரும் கூப்பிடவே இல்லை. பொழுது சாய்ந்த பிறகு சொல்லாமல் கொள்ளாமல் காரை எடுத்திருக்கிறான். வழியில் அவன் தாப்பா ஊரைத் தாண்டும்போது இவளுக்கு மூச்சு நின்றுவிட்டது.

அப்படிக் கிளம்பி வந்ததற்கு எச்சரிக்கைக் கடிதம் வேறு. இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வேலை கிடையாது என்று.

யாருமே கூப்பிடாத ஒரு நாளுக்காக என் தங்கச்சியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் விட்டானே பாவி! அந்த ஆத்திரம் எனக்கு இந்த ஒரு வருஷமாக ஆறவில்லை. அன்பரசி என்னிடம்தான் வளர்கிறாள். பள்ளிக்கு அவன் அனுப்புகிற பணத்தில்தான் போகிறாள். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

"லீவு குடுத்துட்டாங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"குடுத்தாங்கக்கா. அப்புறம் அத ஸ்டாண்ட்பையா மாத்திட்டாங்க."

"ஐயையோ! அப்போ?"

"சொல்லாம வந்துட்டேன். கூப்பிட்டா எடுத்து, உடம்பு முடியலன்னு சொல்லிடுவேன். எடுத்துட்டாப் பிரச்சன இல்ல லா. ரெண்டு தடவ அடிச்சும் எடுக்கலன்னாத்தான் கத முடிஞ்சுது." முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அன்னிக்கே கூப்பிடல. இன்னிக்கா கூப்பிடப் போறாங்க?" என்றான்.

எங்கள் வீட்டில் முன்னறை ஜன்னல் கட்டையில் வைத்தால்தான் போனுக்கு லைன் கிடைக்கும். அங்கே வைத்தான். அந்த அறையிலேயே தவமலரின் படத்துக்கு முன்னால் இலை போட்டோம். மீன் குழம்பு, நெத்திலிச் சம்பல், உளுந்து வடை, கியா பார்ம் சந்தையில் வாங்கிய ஸ்ட்ராபெரி, சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணி. எல்லாம் அவளுக்குப் பிடித்தவை. புதுச்சேலையைப் பக்கத்தில் மடித்து வைத்தேன். அன்பரசி தன் பங்குக்கு ஒரு மிட்டாயை இலை ஓரத்தில் வைத்தாள். குகன் கற்பூரம் காட்டினான். பிள்ளை படத்தைப் பார்த்து அழ ஆரம்பிக்க, அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"எல்லாரும் வெளிய வாங்க. ஜன்னலும் சாத்தியாச்சு. இனி அவ வந்து சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கதவ யாரும் தொறக்கக் கூடாது. நடுவுல தொறந்தா அரை வயித்தோட எந்திரிச்சுப் போயிருவா. மேனேஜரே வந்து நின்னாலும் தொறக்க மாட்டேன், ஆமா!" அவனுக்கு உறைக்க வேண்டும் என்றே சத்தமாகச் சொல்லித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

வாசற்படியில் உட்கார்ந்தோம். எதிரே தேயிலைச் சரிவில் பனி இன்னும் விலகவில்லை. அன்பரசி அவன் மடியில் இருந்தாள்.

உள்ளே போன் அடித்தது.

குகன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மாறன் எழுந்து நின்றுவிட்டார். "சகல, அவங்கதானா?"

"அவங்கதான். அந்தச் சத்தம் அவங்களுக்கு மட்டுந்தான் வச்சிருக்கேன்."

ஒரு வருஷமாக அந்தப் போனைச் சபித்தவள் நான்தான். ஆனால் வேலை போனால் இவன் என்ன செய்வான், பிள்ளை என்ன ஆவாள்? எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன். அவன் வந்து என் கையைப் பிடித்தான்.

"வேணாங்கா."

"பைத்தியமா உங்களுக்கு? வேல போயிரும் தம்பி! அவ என் தங்கச்சி, கோவிச்சுக்க மாட்டா. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன், விடுங்க!"

"லீவுல வந்தாக்கூட இந்தப் போன் அடிக்கும்கா. அடிச்சா அவதான் சோத்துக் கையோட எந்திரிச்சு ஓடுவா. எடுத்துட்டு வந்து எங்கிட்ட நீட்டுவா. ஒரு நாளும் அவ ஒழுங்கா உக்காந்து சாப்பிட்டு நான் பாத்ததில்ல." அவன் கதவைப் பார்த்தான். "இன்னிக்கு ஒரு நாளாச்சும் சாப்பிட்டு முடிக்கட்டும்."

மணி ஓய்ந்தது. "சகல, இன்னொரு தடவ அடிக்கும், யோசிச்சுக்கங்க" என்றார் மாறன். குகன் என் கையை விடவில்லை. மறுபடியும் அடித்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நாலடி தூரத்தில் அவன் வேலை கத்திக்கொண்டிருந்தது. அவன் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டு நின்றான். நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். இவனையா இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி திட்டினேன்!

சத்தம் பாதியில் நின்றது.

"அம்மா எடுத்துட்டாங்க" என்றாள் அன்பரசி.

எங்களில் யாருக்கும் அவளைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவள் நிதானமாகச் சாப்பிட்டிருப்பாள் என்று மனசுக்குத் தோன்றியபிறகு கதவை மூன்று தடவை தட்டித் திறந்தேன். குகன் போனை எடுத்து, ஜன்னலைத் திறந்து, அங்கேயே நின்று கூப்பிட்டான். உடம்பு முடியவில்லை என்று இப்போதாவது சொல்லித் தொலைப்பான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. கேமரன் மலையில் இருப்பதாகவும், இன்று மனைவிக்குத் திதி என்றும், போன் பூட்டிய அறைக்குள் இருந்தது என்றும் உள்ளதை உள்ளபடி இங்கிலீஷில் சொன்னான். பேசி முடித்துப் போனை வைத்தான்.

"வேற ஆள அனுப்பிட்டாங்களாம். திங்கக்கிழமை ஆபீசுக்கு வந்து ஐடி கார்டையும் யூனிஃபார்மையும் ஒப்படைக்கச் சொல்லிட்டாங்க" என்றான். மாறன் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

படையல் சோற்றை எல்லாருக்கும் பங்கிட்டேன். தவமலரின் இலையை அவன் முன்னால் வைத்தேன். அன்பரசி அவனை ஒட்டி உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா அவங்ககிட்ட என்ன சொன்னாங்கப்பா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிசைந்து முடித்து, ஒரு வாய் அவளுக்கு ஊட்டினான்.

"அப்பா வீட்டுல இருக்காரு, சாப்பிட்டுக்கிட்டு இருக்காருன்னு சொல்லிட்டாங்க."

ரசம் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு நான் அடுப்படிக்கு ஓடினேன். அன்றைக்கு நான் ரசமே வைக்கவில்லை.