உப்புத் தட்டு

எந்தக் குழந்தையையும் ஒரே வாரத்தில் தங்குதடையின்றி வாசிக்க வைக்கும் முறையை மனித குலத்துக்கு முதன்முதலாக வழங்கியவன் நான்தான். பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு பாடப் புத்தகம், ஓர் உரத்த குரல், அறிவுள்ள ஒரு தாய்மாமன்; இவை போதும். மூன்றாவது பொருள் எல்லா வீட்டிலும் கிடைப்பதில்லை என்பதால்தான் உலகத்தில் இன்னும் எழுத்தறியாமை நீடிக்கிறது.

முறை முதலில் பலித்தது அக்கா மகளிடம். பத்து வயது. ஆள் சிறிசு, பேச்சு காரம் என்பதால் வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர். காதில் விழுந்த எதுவும் அவளுக்கு மறக்காது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி போனில் போட்ட சண்டையை, கேட்காத எதிர்த்தரப்பையும் சேர்த்து வீட்டில் நடித்துக் காட்டுவாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஊமையாகிவிடுவாள். எழுத்துகள் நேற்று வந்த முகத்தோடு இன்று அவளிடம் வருவதில்லை. ஒரு சொல்லின் தலையைப் பிடித்தால் வால் நழுவிவிடும். மூன்றாம் வகுப்பில் ஏற்கெனவே ஓர் ஆண்டு நிறுத்தி வைத்துவிட்டார்கள். இப்போது நான்காம் வகுப்பு. ஆண்டு முடிவில் தலைமை ஆசிரியர் முன்னால் ஒரு பாடத்தை வாசித்துக் காட்ட வேண்டும்.

"இந்தத் தடவையும் நின்னுட்டா வேற பள்ளிக்கூடம் பாத்துக்கச் சொல்லிட்டாங்கடா," என்றாள் அக்கா. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. நாளெல்லாம் படுக்கை விரிப்பு மடித்துவிட்டு வருபவள், வீட்டில் எதையும் மடிக்காமல் குவித்துப் போடுவாள். அன்று மட்டும் மகளின் சீருடையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளியில், வாசிக்கத் திணறும் குழந்தைகளுக்கென்றே ஒரு டீச்சர் இருந்தார். தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்து அறை. மோட்டார் ஓடினால் பாடம் நின்று காத்திருக்கும். ஒரு தட்டில் உப்பைப் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் எழுத்தை எழுத வேண்டும். எழுதும்போதே அதன் ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தட்டைக் குலுக்கி அழித்துவிட்டு மறுபடி அதே எழுத்து. பிறகு, நடுவில் சன்னல் வெட்டிய ஓர் அட்டை. அதன் வழியே ஒரே ஒரு சொல் எட்டிப் பார்க்கும். ஒருநாள் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டுப் போய், நான் படிக்கும் கல்லூரியின் சுவர்ப் பலகையில் 'கல்வி: உப்பு தேவைக்கேற்ப' என்று ஒரு கட்டுரை ஒட்டினேன். நாட்டில் உப்புத் தட்டுப்பாடு நெருங்குவதாகவும், கணக்குப் பாடத்துக்கு மிளகாய்த்தூள் பரிசீலனையில் இருப்பதாகவும் அதில் அறிவித்திருந்தேன். கல்லூரியே சிரித்தது. வேதியியல் பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எதற்கும் சிரிப்பவரில்லை.

"இன்னும் 'ண'வைத் தாண்டலக்கா. பரீட்சை வர்றதுக்குள்ள இவ ஊறுகா ஆயிடுவா. அந்த வகுப்ப நிறுத்து. சாயங்காலம் நான் பாத்துக்கறேன்."

அக்கா நிறுத்தினாள். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவது அவளுடைய கெட்ட பழக்கம்.

பரீட்சைக்குக் குறித்திருந்தது, படகோட்டி ஒருவன் புயலில் மாட்டிக்கொள்ளும் பாடம். நான் வாசிப்பேன், மிளகு திருப்பிச் சொல்வாள். வார முடிவில் அக்கா வேலை உடையோடு கதவருகே நின்று கேட்டாள். மிளகு வரிக்கு அடியில் விரலை ஓட்டி, இடி இடிக்கும் இடத்தில் குரலை உயர்த்தி, சரியான சொல்லில் தாளைப் புரட்டி முடித்தாள். அக்கா, சலவைச் சோடாவில் வெளுத்த கையால் மகளின் தலையைத் தொட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் வரவில்லை.

பரீட்சை அன்று அக்காவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. வெற்றியை நேரில் பெற்றுக்கொள்ள நான் போனேன். தலைமை ஆசிரியருக்குப் பக்கத்து நாற்காலியில் உப்பு டீச்சர், ஜலதோஷத்தில் சிவந்த மூக்கோடு உட்கார்ந்திருந்தார். மேசையில் பள்ளியின் புத்தம் புதுப் பிரதி. மிளகு தொடங்கினாள். தலைமை ஆசிரியரின் புருவம் உயர்ந்தது. நான் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டேன்.

புயல் வரும் இடத்தில் அவள் தாளைப் புரட்டினாள். புதுத் தாள்கள், இரண்டு ஒட்டிக்கொண்டு சேர்ந்தே புரண்டன. திறந்த பக்கத்தில் படகு இல்லை. பெரிய தபால் பெட்டி ஒன்றின் படமும் அதற்கடியில் நான்கு வரியும் இருந்தன. மிளகின் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு அந்த நான்கு வரிகளுக்கு அடியிலேயே மெல்ல நகர்ந்தது. தபால் பெட்டிக்குக் கீழே அலை எழுந்தது, பாய்மரம் கிழிந்தது, இடி இடித்தது. அந்த இடத்தில் குரலைக்கூட உயர்த்தினாள். வரிகள் தீர்ந்ததும் விரல் வெற்றுத் தாளில் போய்க்கொண்டிருந்தது. உப்பு டீச்சர் எட்டி அந்த விரலின் மேல் தன் கையை வைத்தார்.

"போதும்டா கண்ணு."

"யார் சொல்லிக் குடுத்தது?" என்றார் தலைமை ஆசிரியர்.

"மாமா," என்றாள் மிளகு. என்னைக் காட்டக்கூட இல்லை.

விடுமுறை முடிந்ததும் இன்னொரு வாய்ப்பு, அதுதான் கடைசி என்று முடிவானது. அதையும் உப்பு டீச்சர்தான் கேட்டு வாங்கினார். வராந்தாவில் அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். பதிலுக்குச் சொல்ல நல்ல நல்ல வாக்கியங்களும் வைத்திருந்தேன்.

"இவ்ளோ பெரிய பாடத்த மனசுல தூக்கிட்டு வந்திருக்கான்னா, எவ்ளோ பயந்திருக்கணும் தம்பி," என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "லீவுல நான் ஊர்ல இருக்க மாட்டேன். வீட்ல உப்பு இருக்கும்ல?"

என் வாக்கியங்கள் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

திரும்பும் வழியில் மிளகு நடைபாதைக் கற்களின் கோட்டை மிதிக்காமல் நடந்துவந்தாள்.

"தப்பான பக்கம்னு தெரிஞ்சுதா?"

"படத்தப் பாத்தப்பவே."

"நிறுத்தியிருக்கலாம்ல?"

"நிறுத்தினா எங்கேருந்து மாமா ஆரம்பிக்கறது?" கொஞ்ச தூரம் போனதும், "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கூப்பிட்டும் திரும்பவில்லை. அக்கா வர இன்னும் நேரமிருந்தது. என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். தொடக்கம் மட்டும் பல விதமாக வந்தது.

சமையலறையிலிருந்து ஒரு தட்டையும் உப்பு டப்பாவையும் எடுத்து வந்தேன். பரப்பினேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு கண்ணை மூடினேன்.

"ண," என்றேன்.

எத்தனை சுழி என்பது விரலுக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் பாதியில் நசுங்கிய ஏதோ ஒன்று கிடந்தது. தட்டைக் குலுக்கினேன். மறுபடி மூடினேன். நகக்கண்ணில் உப்பு ஏறி எரிந்தது.

"ண."

கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது. பார்த்தேன். அவள் திரும்பவில்லை. முதுகு அப்படியேதான் இருந்தது. சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் அவள் விரல் மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. என்ன எழுத்து என்று இங்கிருந்து தெரியவில்லை.

நான் தட்டைக் குலுக்கினேன்.