தராசில் ஏறிய தஸ்லீமும் இறங்க மறுத்த எடையும்

1

இந்தக் கதை பிறந்த இடம் அரூர் பஸ் ஸ்டாண்டு. சேலம் பஸ்ஸுக்காக நின்று போண்டா தின்றுகொண்டிருந்தேன். எதிர்ச்சுவரில் ஒரு ஜிம் விளம்பரம்: ‘தசையை வளருங்கள், தூங்கும்போதும் கொழுப்பு கரையும்!’ தூங்குவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. இதுவரை ஒன்றும் கரைந்ததில்லை. எரிச்சலில் இன்னொரு போண்டா வாங்கினேன். அந்த எரிச்சல்தான் இந்தக் கதை. உள்ளொளி, தரிசனம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் வரி:

‘அரூரின் அந்திவானம் புளியம்பழ நிறத்தில்—’

வேண்டாம். நானே படிக்கமாட்டேன்.

‘குடும்பத்தலைவி தஸ்லீம், வளர்சிதை மாற்றத்தின் அவசியத்தை உணர்ந்து—’

ஐயய்யோ, இது சுகாதார நோட்டீஸ்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். தஸ்லீமுக்கு நாற்பத்தாறு வயது, உடம்பு நிறையச் சர்க்கரை. மாத்திரைக்கும் அது மசியவில்லை. “மூணு மாசம் பாக்கறேன். இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான்” என்று தருமபுரி டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஊசி என்றாலே தஸ்லீமுக்கு ஈரக்குலை நடுங்கும். அவள் அம்மா ஜான் பீ ஊசியில் ஆரம்பித்து, ஆறாத புண்ணுக்குப் போய், ஒரு காலைக் கொடுத்துவிட்டுக் கட்டிலோடு செத்தவள். (காலை எடுத்தது ஊசி இல்லை, சர்க்கரை என்று டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார். பயத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரிவதில்லை.)

“நடந்தா போதாதுங்களா?”

“நடங்க, வேணாங்கல. வெயிட்டும் தூக்குங்க. ரத்தத்துல இருக்கற சர்க்கரையை இழுத்துச் செலவு பண்றது கொழுப்பு இல்ல, சதைதான். உங்ககிட்ட அதுதான் கம்மி.”

3

புருஷன் அப்துல் சுபான் புளி மண்டிக்காரர். ஓணான் உடம்பு, அதில் வயிறு மட்டும் சட்டைப் பித்தானை முட்டிக்கொண்டு நிற்கும். மூட்டைக்குள் கைவிட்டால் ஈரம் எவ்வளவு, கொட்டை எவ்வளவு, நார் எவ்வளவு என்று பிட்டுப் பிட்டு வைப்பார். பொண்டாட்டி விஷயத்தில் மட்டும் மொத்த எடைதான்.

“ஜிம்முக்குத்தானே, போய்க்கோ. ஆனா வாராவாரம் மண்டித் தராசுல ஏறணும். ரெண்டு மாசத்துல எடை இறங்கலைன்னா ஜிம்மு கட்.”

(இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. வியாபாரி ஒருத்தர் தன் மனைவியை மண்டித் தராசில் ஏற்றுவாரா? அதனால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். எடை பார்க்கும் சென்றாயன் ஒருத்தன் மட்டும் உள்ளே. அப்படி ஏற்றினால் குடும்ப மானம் போகாதா என்கிறீர்களா? போகாது. அவள் ஜிம்முக்குப் போனால்தான் போகும்.)

4

ஜிம்மில் பெண்களுக்கான நேரம் காலை பதினொரு மணி. சொல்லிக்கொடுப்பவள் நிர்மலாதேவி. தஸ்லீம் புர்காவை ஆணியில் மாட்டிவிட்டு நின்றாள்.

“நாற்காலி இருக்கற மாதிரி நெனச்சு உக்காருங்கக்கா.”

“இல்லாத நாற்காலியில எப்படிம்மா உக்கார்றது?”

“வூட்டுல இல்லாததையெல்லாம் இருக்கறதா நெனச்சுத்தானக்கா இத்தனை வருஷம் குடும்பம் நடத்துனீங்க? உக்காருங்க.”

கட்டுரை எழுதும் ஆசையில் நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஒரு கிலோ சதை ஏறினால், சும்மா கிடக்கும்போது உடம்பு கூடுதலாக எரிப்பது ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை பிஸ்கட். இதற்குத்தான் அந்தச் சுவர் அவ்வளவு கத்தியது! ஆனால் வேலை செய்த சதை, வேலை முடிந்த பிறகும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. இதில் பரபரப்பு இல்லை என்பதால் யாரும் சுவரில் எழுதமாட்டார்கள்.

“தூங்குனாவே கரையுமாமே?” என்று தஸ்லீமும் கேட்டாள்.

“அது ஓனர் எழுதுனதுக்கா. நீங்க குனிஞ்சு நிமிருங்க.”

குனிந்தாள், நிமிர்ந்தாள், டம்பெல் தூக்கினாள். முதல் வாரம் கழிப்பறையில் உட்கார முடியாமல் அழுதாள். பிறகு சுடிதார் இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. மாடிப்படியில் மூச்சு வாங்கவில்லை. அவளுக்கே அவளைப் பிடித்துப்போனது.

5

இரண்டு மாதம் ஆன அன்று தராசில் ஏறினாள். சென்றாயன் எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“ஒரு கிலோ ஏறியிருக்குதுங்கம்மா.”

சுபானுக்கு உள்ளுக்குள் சந்தோஷமோ என்னவோ, குரல் மட்டும் எகிறியது. “ஊர் சிரிக்கப் போயி, ஏத்திக்கிட்டு வந்திருக்கா பாரு! நாளையிலேர்ந்து கட்.”

முடிவு அ: சுபான் மனம் திருந்தி ஜிம்மில் சேர்கிறார். இருவரும் முளைகட்டிய பயறு தின்கிறார்கள். (பத்திரிகையின் நலவாழ்வு மலருக்கு.)

முடிவு ஆ: தஸ்லீம் மௌனமாகப் புர்காவை மாட்டிக்கொள்கிறாள். வெளியே மழை. (பரிசுக் கமிட்டிக்கு.)

இரண்டுமே அச்சுக்குப் போயிருக்கும். தஸ்லீம்தான் தராசை விட்டு இறங்கிக் கைப்பையைத் திறந்தாள்.

6

உள்ளிருந்து எடுத்தது விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் சின்ன மிஷின். அங்கேயே குத்திக்கொண்டாள். நூற்று நாற்பது.

“முந்தி முன்னூறுங்க. ஏறுனது சதைங்க, சக்கரை இறங்கிருச்சு.”

(வீட்டில் இவர்கள் உருதுவில்தான் சண்டை போடுவார்கள். எனக்கு உருது வராது. சென்றாயனுக்கும் புரியட்டும் என்று அன்றைக்கு அவள் தமிழில் பேசியது என் அதிர்ஷ்டம்.)

“மிஷினு பொய் சொல்லும்” என்றார் சுபான்.

“அப்போ உங்க விரலை நீட்டுங்க, பாத்துரலாம். என்னைவிடக் கம்மியா இருந்தா ஜிம்மை நானே நிறுத்திக்கறேன்.”

“ஒல்லியா இருக்கறவனுக்கு ஏதுடி சக்கரை?”

“ராத்திரி எத்தனை தடவை எழுந்து பாத்ரூம் போறீங்கன்னு பக்கத்துல படுத்திருக்கற எனக்குத் தெரியாதுங்களா? செம்பு செம்பாத் தண்ணி குடிக்கறீங்க. பயமா இருக்குதுங்க. எனக்காக இல்ல, உங்களுக்காக.”

சென்றாயன் சாக்குத் தைக்கப் போய்விட்டான். சுபான் மிஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையை முஷ்டியாக மூடிக்கொண்டார்.

அந்தக் கையைத் திறக்க எனக்கு ஒரு வரி போதும். எழுதமாட்டேன். நான் திறந்தால் அது வெறும் கதையாகப் போய்விடும். உங்கள் வீட்டிலும் ஒல்லியாக, தனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டு ஓர் ஆள் இருப்பார். அவரிடம் விரலைக் கேட்டுப் பாருங்கள். அவர் நீட்டுகிறாரா மூடுகிறாரா என்பதுதான் இதன் முடிவு.